செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால்: ஆளை இறக்காமல் சரிசெய்யும் முறைகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் உழவர்களின் கவலை எல்லாம் வயலில் தேங்கிய தண்ணீரை வடிப்பதிலேயே இருக்கும். அதே நாட்களில் வீட்டுக் கொல்லையில் இன்னொரு தண்ணீரும் வடியாமல் நின்றுவிடுவதுண்டு. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. பீங்கானில் ஏறி நிற்கும். சேம்பர் மூடியின் ஓரத்தில் கசியும். வீடு முழுதும் நாற்றம் வீசும்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்தில் சம்பா நெல் பற்றிய வயல்வெளிக் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு புறப்பட்டபோது, விவசாயி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, பயிருக்கு வழி சொன்னீங்க. எங்க வீட்டுல செப்டிக் டேங்க் நாலு நாளா அடைச்சுக் கெடக்கு. நாளைக் காலையில ஒருத்தர் இறங்கி அள்ளித் தர்றேன்னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் ஆசிட் ஊத்தி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"ஆசிட்டும் ஊற்ற வேண்டாம், ஆளும் இறங்க வேண்டாம். அடைப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். அன்று அவரிடம் சொன்னவற்றை எல்லா உழவர் குடும்பங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே நடப்பதுபோலவே இங்கும் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை அழுகச் செய்கின்றன. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய், சோப்பு முதலிய இலேசானவை மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் நிற்கும் தண்ணீர், எதிர்ப்பக்கத்து டீ வடிவக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகிறது. போகும் குழாய், வரும் குழாயைவிட 2 முதல் 3 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் உள்ளே போனால் ஒரு குடம் வெளியே போகும். ஆகவே மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தவுடன் "டேங்க் நிரம்பிவிட்டது" என்று முடிவு செய்வது தவறு. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தண்ணீர் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா? அடியில் கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது?

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர அளவின்படி 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3¼ அடி கொண்ட தொட்டி போதுமானது. இது சுமார் 1,100 லிட்டர் கொள்ளும். ஒருவரால் ஆண்டுக்குச் சுமார் 40 முதல் 80 லிட்டர் கசடு சேரும். குறைந்த அளவைக் கணக்கிட்டாலும் ஐந்து பேருக்கு இரண்டு ஆண்டில் 400 லிட்டர். அதாவது தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதனால்தான் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும் என்கிறோம். எடுக்காவிட்டால் கசடு தண்ணீரோடு சேர்ந்து வெளியேறி உறிஞ்சு குழியின் மண்கண்களை அடைத்துவிடும். தொட்டியை மறுநாளே காலிசெய்து விடலாம். அடைத்துப்போன மண்ணை அவ்வளவு எளிதில் திறக்க முடியாது.

அடைப்பு எங்கே?

அடைப்பு நான்கு இடங்களில் ஏற்படலாம். வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

1. பீங்கானில் தண்ணீர் நிற்கிறது. வெளியே சேம்பர் காலியாக இருக்கிறது என்றால், அடைப்பு பீங்கானுக்கு அடியிலுள்ள வளைவில் அல்லது சேம்பர் வரையுள்ள குழாயில் இருக்கிறது.

2. சேம்பர் நிரம்பியிருக்கிறது, தொட்டியில் தண்ணீர் வழக்கமான மட்டத்தில்தான் இருக்கிறது என்றால், சேம்பருக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட குழாயிலோ, உள்ளே வரும் டீ குழாயிலோ அடைப்பு.

3. தொட்டியில் தண்ணீர் வெளியேறும் குழாயை மூடிக்கொண்டு மேலே ஏறி நிற்கிறது. உறிஞ்சு குழி காய்ந்திருக்கிறது என்றால், வெளியேறும் டீ குழாயில் அடைப்பு. பெரும்பாலும் துணியோ மிதக்கும் ஆடையோ அங்கே சிக்கியிருக்கும்.

4. தொட்டியும் நிரம்பி, உறிஞ்சு குழியும் நிரம்பி நிற்கிறது என்றால் அது குழாய் அடைப்பு அன்று. மண் தண்ணீரைக் குடிக்கவில்லை. மழைக்காலத்தில் திடீரென வரும் தொல்லை பெரும்பாலும் இதுதான்.

மூடியைத் திறக்கும்போது குழந்தைகளையும் கால்நடைகளையும் அருகில் விடக்கூடாது. பீடி, சிகரெட், விளக்கு, தீக்குச்சி எதுவும் கூடாது. திறந்தவுடன் விலகி நின்று சற்று நேரம் கழித்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு டார்ச் விளக்கால் பார்க்க வேண்டும். குனிந்து தலையை உள்ளே நீட்டக்கூடாது. இருவர் இருக்க வேண்டும். பழைய மூடிகள் அடிப்பக்கம் அரித்துப் போயிருக்கும் என்பதால் அவற்றின்மேல் ஏறி நிற்கவும் கூடாது.

வெளியிலிருந்தே நீக்குவது எப்படி?

பீங்கான் வளைவில் உள்ள அடைப்புக்கு, கடையில் கிடைக்கும் ரப்பர் கிண்ணம் பொருத்திய கழியால் அழுத்தி அழுத்தி இழுத்தாலே போதும். குழாய் அடைப்புக்குச் சேம்பர் பக்கத்திலிருந்து வழவழப்பாகச் சீவிய நீண்ட மூங்கில் பிளாச்சை அல்லது வளையும் பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, முன்னும் பின்னும் அசைத்துப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்புக் கம்பியைக் கொண்டு குத்தினால் பி.வி.சி. குழாய் உடைந்துவிடும்.

வெளியேறும் டீ குழாயில் சிக்கியதை, நீண்ட கழியின் நுனியில் கொக்கி கட்டி, நின்றபடியே இழுத்துவிடலாம். நின்றபடி எட்டவில்லை என்றால் அத்துடன் விட்டுவிட்டுக் கழிவுநீர் லாரிக்குச் சொல்லி அனுப்புங்கள். "இன்னும் ஒரு முழம்தான், கையை விட்டால் எட்டிவிடும்" என்று குனிந்தவர்கள் பலர் எழுந்திருக்கவில்லை. எடுத்த துணி முதலியவற்றைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கைகால்களைச் சோப்பால் கழுவ வேண்டும்.

ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை வாளிக்கணக்கில் ஊற்றுவது பெரிய தவறு. அவை துணியையும் மண்ணையும் கரைப்பதில்லை; கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைத்தான் கொல்லும். ஆசிட் சிமெண்டை அரிக்கும். கசடிலுள்ள நச்சு வாயுவையும் கிளப்பிவிடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும்.

புதுத் தொட்டியில் வேலை தொடங்க ஒரு வாளி சாணக் கரைசல் ஊற்றுவது உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அடைப்புக்கு மருந்தாக மாதந்தோறும் சாணம் கரைத்து ஊற்றினால் நாரும் மண்ணும் சேர்ந்து தொட்டிதான் சீக்கிரம் நிரம்பும். கடைகளில் விற்கும் பொடி எதைப் போட்டாலும் கசடை எடுக்க வேண்டிய வேலை இல்லாமல் போகாது.

உயிரைக் குடிக்கும் காற்று

தொட்டிக்குள் உண்டாகும் வாயுக்களில் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரமே மிக ஆபத்தான நேரம். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழுவார். இது காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தச் சோதனை இங்கே உதவாது. உயிர்க்காற்று குறைவாக இருந்தால்தான் விளக்கு அணையும்; ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதோடு தொட்டியில் சேரும் மீத்தேன், சாண எரிவாயுவில் எரியும் அதே வாயு. விளக்கை இறக்கினால் வெடிக்கலாம்.

மூடியை ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் போதும் என்பதும் நம்பத்தக்கதன்று. கசடைக் கிளறியவுடன் அதற்குள் அடைபட்டிருந்த வாயு புதிதாகக் கிளம்பும். இறங்கியவர் மண்வெட்டியைப் போட்ட மறுகணம் விழுவது இதனால்தான். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதேபோல் விழுகிறார்கள். ஒரே வீட்டில் தந்தையும் மகனும் போன துயரங்கள் இப்படி நேர்ந்தவையே.

யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். உடனே 101 தீயணைப்புத் துறைக்கும் 108 ஆம்புலன்சுக்கும் சொல்லுங்கள். கயிறு எட்டுமானால் மேலிருந்தபடியே இழுக்க முயலலாம். மற்றவர்களைத் தடுத்து நிறுத்துவதும் உயிர் காக்கும் செயலே.

சட்டமும் இதையே சொல்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இன்றிச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவது குற்றம். அரசு அலுவலகத்துக்கும் குத்தகைக்காரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கழிவுநீர்க் குழாய், தொட்டி வேலையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "அவரே இறங்குகிறேன் என்று வந்தார்" என்பது பதிலாகாது. சில நூறு ரூபாய்க் கூலிக்கு இந்த வேலைக்கு வருபவர் வேறு வழியில்லாமல் வருகிறார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

மண் குடிக்காவிட்டால்

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்சு குழிக்குள் ஊற்று நீரே நிற்கும். அப்போது தொட்டியைக் காலிசெய்தாலும் பயனில்லை. குழியிலிருந்து தண்ணீர் திரும்பி வந்துவிடும். மேலும் தொட்டி முழுதும் காலியானால் பிளாஸ்டிக் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்துவிடும்; உறை இறக்கிய குழி சரிந்துவிடும். எனவே மழைக்காலத்தில் அவசரத்துக்குப் பாதியளவு மட்டும் எடுத்துவிட்டு, தை, மாசியில் முழுதும் எடுப்பதே சரி.

அதுவரை தொட்டிக்குப் போகும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் செப்டிக் டேங்குக்கே தேவையில்லை. அவற்றைத் தனி வாய்க்காலில் வாழை, கல்வாழை, தென்னைக்குத் திருப்பிவிடுங்கள். நம் பாட்டிமார் கொல்லையில் செய்ததும் இதுதான். இதனால் தொட்டியின் பளு பாதிக்கு மேல் குறையும்.

புதிதாக உறிஞ்சு குழி எடுக்குமுன் மண்ணைச் சோதிப்பது நல்லது. குழி அமையப்போகும் ஆழத்தில் ஓர் அடிச் சதுரத்தில் சிறு பள்ளம் வெட்டித் தண்ணீர் நிரப்பி ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் சிறிது தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போதும். மணல் கலந்த செம்மண் நிலங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும். குழி 3 அடி அகலமாவது இருக்க வேண்டும். தண்ணீர் வந்து விழும் மட்டத்துக்குக் கீழே 3 அடிக்குக் குறையாமல் ஆழம் எடுத்து, செங்கல் உடைகல் நிரப்ப வேண்டும்.

30 முதல் 60 நிமிடம் ஆனால் ஆழக் குழியைவிட ஆழமில்லாத நீண்ட அகழியே ஏற்றது. 2 முதல் 3 அடி ஆழத்தில் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாயை அதன்மேல் போட்டு மூட வேண்டும்.

60 நிமிடத்துக்கு மேல் ஆகும் கரிசல் களிமண்ணிலும், மழையில் ஊற்று மேலே வரும் தாழ்நிலத்திலும் மேட்டுப் பகுதியைத் தேர்ந்து, மணல் கொட்டி உயர்த்திய மேடை அமைத்து, அதில் அகழி எடுக்க வேண்டும். கொத்தனாரிடம் இதைக் கட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எந்த முறையானாலும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தும் 50 அடிக்கு மேல் தள்ளி, நிலச்சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். இட வசதி இருந்தால் இரண்டு குழி எடுத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஓய்வு கொடுத்தால் அடைத்த மண் காய்ந்து ஓரளவு மீண்டும் திறந்துகொள்ளும்.

கசடு: வயலுக்கு ஆகுமா?

கசடின் அளவை அறிய, வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கழியை வெளியேறும் பக்கத்து மூடி வழியாக அடிவரை மெதுவாக இறக்கி எடுங்கள். கருப்பாக ஒட்டியிருக்கும் உயரமே கசடின் ஆழம். தண்ணீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். பாதியை எட்டினால் தள்ளிப்போடக்கூடாது. அடியில் கொஞ்சம் கசடை விட்டு எடுப்பதே நல்லது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும்.

லாரிக்காரரிடம் "எங்கே கொண்டு போய் ஊற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். வாய்க்காலிலோ ஏரியிலோ ஊற்றினால் அது உங்கள் நடவு வயலுக்கும் உங்கள் மாடு குடிக்கும் குட்டைக்கும்தான் திரும்பி வரும். கசடைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இப்போது வந்துள்ளன. தமிழ்நாட்டில் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் இத்தகைய நிலையம் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015 முதல் இயங்கும் நிலையத்தில் உலர்ந்த கசடை ஊர்க் குப்பையுடன் சேர்த்து மக்க வைக்கிறார்கள். பக்கத்து ஊரில் நிலையம் உண்டா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

"நல்ல உரமாயிற்றே, நம் வயலிலேயே ஊற்றச் சொல்லலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது உண்மை. ஆனால் பச்சைக் கசடில் உருளைப்புழு முட்டைகளும் நோய்க் கிருமிகளும் இருக்கின்றன. உருளைப்புழு முட்டை மண்ணில் பல மாதங்கள், ஏன், ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். நாற்று நடும் பெண்களின் கைகளுக்கும், பச்சையாகத் தின்னும் வெங்காயம், முள்ளங்கி, தக்காளிக்கும் அது எளிதில் வந்து சேரும். எனவே பச்சைக் கசடை வயலில் விடக்கூடாது.

மக்க வைத்தால் கதை வேறு. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஓராண்டுக்கு மேல் மூடி வைப்பதும், குப்பையுடன் சேர்த்துக் குவித்து 50 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு வாரம் சூடேறச் செய்வதும் கிருமிகளை அடக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இரட்டைக் குழிக் கழிவறை வைத்திருப்பவர்கள், நிரம்பிய குழியை மூடி இரண்டு ஆண்டு விட்டால், அது நாற்றமற்ற கருமண்போல் உதிரியாகிவிடும். கையுறை அணிந்து அதை எடுத்துத் தென்னைக்கும் வாழைக்கும் தூரில் இட்டு மண்ணால் மூடலாம். கீரைக்கும் காய்கறிக்கும் வேண்டாம்.

அடைப்பு வராமல் காக்க

• மாதவிடாய்த் துணி, நாப்கின், குழந்தையின் டயப்பர், முடி, ஷாம்பு உறை, பாக்குப் பொட்டலம் எதையும் கழிவறையில் போடக்கூடாது. பக்கத்தில் மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள்.
• பாத்திரம் துலக்கும் சாம்பல், மணல், தேங்காய் நார், சோறு, எண்ணெய் தொட்டிக்குள் போகக்கூடாது.
• ஆல், அரசு, வேம்பு முதலியவற்றைத் தொட்டிக்கும் குழாய்க்கும் அருகில் வளர விடாதீர்கள். வேர் இணைப்புகளில் நுழைந்துவிடும்.
• காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள், அடைத்து மூடிவிடாதீர்கள்.
• தொட்டிமேல் டிராக்டரோ வண்டியோ ஏறாமல் பாருங்கள்.
• ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, கழியால் கசடை அளந்து சுவரில் தேதியோடு குறித்து வையுங்கள்.

நான் பார்த்த அந்த வீட்டில் பழைய சேலைத் துணி ஒன்று வெளியேறும் குழாயில் சிக்கியிருந்தது. கொக்கி கட்டிய மூங்கிலால் மேலிருந்தே அது வந்துவிட்டது. குளியல் தண்ணீரையும் அடுப்படித் தண்ணீரையும் அன்றே வாழைக்குத் திருப்பினார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. பொங்கல் கழிந்ததும் லாரி வைத்துக் கசடை எடுத்தார்கள்.

இறங்குவதற்குச் சொல்லி வைத்திருந்தவரும் மறுநாள் காலையில் வந்திருந்தார். அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கொல்லையின் மேட்டுப் பக்கத்தில் புது அகழி வெட்டும் வேலையை அவரிடமே கொடுத்தார் அந்த விவசாயி. இரண்டு நாள் வேலை, நல்ல மண்ணில், முழுக் கூலிக்கு. மாலையில் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தம் வீட்டுக்குப் போனார்.